கம்பிமேல் போட்ட பழி

புதுக் கம்பி போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கித்தார் செத்துப்போயிருந்தது. அடியில் இருக்கும் மெல்லிய கம்பியைத் தட்டினேன். மேசையை விரலால் சுண்டினாற்போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கணீரென்று எழும்பி, கொஞ்ச நேரம் அறைக்குள் நின்று அடங்கவேண்டிய நாதம் வரவே இல்லை. முறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன், துணியால் துடைத்துவிட்டுத் தட்டினேன். அதே சத்தம்தான்.

“கடல் காத்து,” என்றேன் மனைவியிடம். “உப்பு ஏறி கம்பியத் தின்னுது.”

அவள் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு நல்லாத்தானே கேக்குது?”

“ஒனக்கு என்ன தெரியும் இதுல,” என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நாங்கள் மலாக்காவை அடுத்த தங்கா பத்துவில் வாடகை வீட்டில் இருந்தோம். காலாற நடந்தால் கடல் வந்துவிடும். மஸ்ஜித் தானா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவன் நான். எஸ்டேட்டை விற்று வீடமைப்பு நிலமாக மாற்றியபோது ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம். எனக்கு மலாக்காவுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை கிடைத்தது. மனைவி பக்கத்து எஸ்டேட்காரி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

கித்தார் மட்டும்தான் எனக்கென்று இருந்த சொத்து. வார இறுதிகளில் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் சின்னக் குழு ஒன்றில் இருந்தேன். அதில் பாடுகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத் தமிழர், அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலாக்காதான் என்றாலும் அவர்கள் வீட்டுப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. என்னைக்கூட ‘நீர்’ என்றுதான் பேசுவார். நான் அவரை அண்ணே என்பேன்.

அதற்கு முந்தின வருடம் எனக்குக் காசநோய் வந்திருந்தது. தீபாவளிக்கு ஆரம்பித்த இருமல் பொங்கல் கழிந்தும் நிற்கவில்லை. ஒருநாள் கைக்குட்டையில் இரத்தம். அதன்பிறகு மாத்திரைகள், அதோடு இரண்டு மாதம் தினமும் கிளினிக்கில் ஊசி. பிள்ளையைப் பக்கத்தில் விடாமல், தட்டும் கோப்பையும் தனியாக வைத்து, ஓர் அறைக்குள்ளேயே கிடந்தேன். அந்த நாள்களில் கித்தார்தான் துணை. மூச்சு வாங்கும், இருந்தாலும் படுத்தபடியே நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு வாசிப்பேன். மருந்து வேலை செய்தது. சளியில் கிருமி இல்லை என்று சொன்ன நாளில், இனிமேல் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. கம்பி செத்துக்கொண்டே இருந்தது.

கம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். ஆறு கம்பிகளில் இரண்டு வெறும் எஃகு. மற்ற நான்கில் உள்ளே எஃகும் மேலே வெண்கலச் சுற்றும் இருக்கும். அந்தச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் புகுந்தால் கம்பி ஆடுவது குறையும், சத்தம் மங்கும். அப்படி மங்கின கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டால் அழுக்குப் போய் இரண்டொரு நாள் பழைய கணீர் திரும்பும். அதைச் செய்தேன். ரசம் வைக்கும் சட்டியில் கம்பி கொதிப்பதைப் பார்த்து மனைவி சட்டியை மாற்றிக் கொடுத்தாள். காயவைத்து மறுபடி மாட்டினேன். எந்த மாற்றமும் இல்லை.

மலாக்காவில் சாமான்கள் அடைந்து கிடக்கும் பழைய இசைக்கருவிக் கடை ஒன்று உண்டு. அதன் சீன முதலாளியான தவுக்கே வாடிக்கையாக எனக்குக் கம்பி கொடுப்பவர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். மலாயில் கம்பிக்கு ‘தாலி’ என்று பெயர். வாரத்துக்கொரு தரம் நான் ‘தாலி வேணும்’ என்று போய் நிற்பதைக் கேள்விப்பட்டு மனைவி ஒருமுறை சிரித்தாள். “வாரா வாரம் தாலி மாத்துற ஆள இப்பதான் பாக்குறேன்லா,” என்றாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

“இன்னும் சத்தமா, இன்னும் கூர்மையா வேணும்,” என்று தவுக்கேயிடம் கேட்டேன்.

அவர் இரண்டு பொட்டலங்களை எடுத்துப் போட்டார். ஒன்று செம்பு நிறக் கம்பி, மற்றது மஞ்சள். செம்பு நிறத்தின் சத்தம் கொஞ்சம் கனிவாக இருக்கும், நாள்பட நிற்கும் என்றார். மஞ்சள் பளிச்சென்று இருக்குமாம், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். “மெல்லிசு செட்டா எடுத்தா இன்னும் கூரா கேக்கும். ஆனா அடிவயித்துச் சத்தம் கொறைஞ்சிடும்,” என்றார். நான் மஞ்சளில் மிக மெல்லிய செட்டை எடுத்துக்கொண்டேன். போதாமல், கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்றும் வாங்கினேன். விரலால் மீட்டுவதை விட்டுவிட்டு அந்த வில்லையால், கம்பி கட்டியிருக்கும் மரத்துண்டுக்கு மிக அருகில் அடித்தேன். அங்கே அடித்தால்தான் சத்தம் இன்னும் கூர்மையாகும்.

ஒரு மாதிரி கேட்டது. உயிர் வந்தது என்று சொல்லமுடியாது, கேட்டது.

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். மனைவி கதவருகே வந்து நின்றாள். “பல்லு கூசுதுங்க. கண்ணாடிய ஒடைக்கிற மாதிரி இருக்கு.”

“அப்ப மங்கலாவே வாசிக்கச் சொல்றியா?”

“மங்கலா எப்ப இருந்துச்சு?” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டில் ஒருத்திக்குக்கூட என் வேதனை புரியவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஒத்திகையில் அண்ணனும் பாட்டை நிறுத்தினார். “தம்பி, நீர் என்ன கம்பி போட்டிருக்கிறீர்? தகர டப்பாவுக்குள்ள கல்லுப் போட்டு ஆட்டின மாதிரிக் கிடக்கு. உம்மட பழைய சத்தம் எங்க போச்சு?”

அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், நோய்க்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பதிவு செய்த கேசட்டை எடுத்துப் போட்டேன். என் கை அப்போது எப்படி இருந்தது, எந்தக் கம்பியில் அந்தச் சத்தம் வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம் என்று. கேசட்டிலும் கித்தார் மங்கித்தான் இருந்தது. அண்ணன் குரல்கூட வாயில் துணி வைத்துப் பாடினாற்போல் வந்தது. நாடா கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கேசட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் தாங்கமுடியவில்லை. உண்மை என் கைக்குள் வந்திருக்கிறது, நான் அதைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தது ஒரு கல்யாண விருந்து. மலாக்காவில் ஒரு மண்டபம், நல்ல கூட்டம். எங்கள் குழுவில் பாட்டுகளை ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தோம். அண்ணன் திரும்பி எண்ணைச் சொன்னால் நான் முதலில் ஆரம்பிப்பேன், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நடந்து வரும் நேரம். அண்ணன் திரும்பி “பதினேழு” என்றார். மென்மையான மெட்டு, பெண் வருகைக்கென்றே வைத்திருந்தோம். எனக்கு அது “பதினெட்டு” என்று விழுந்தது. பதினெட்டாவது பாட்டு, பெண்டாட்டியிடம் அகப்பட்டுக்கொண்ட புருஷனைக் கேலி செய்யும் குத்துப்பாட்டு. நான் அந்தத் தகரக் கம்பியில் பலங்கொண்ட மட்டும் அடித்து ஆரம்பித்தேன்.

தபலாக்காரர் கை அந்தரத்தில் நின்றது. அண்ணன் என்னை நோக்கிக் கையை ஆட்டினார். இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகம் கோணிப்போனதை மேடையிலிருந்தே பார்த்தேன். அண்ணன் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தியபோதுதான் மற்ற யாருமே வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பெண்ணின் தாய்மாமன் பிறகு எங்களிடம் வந்தார். “வேணும்னே செஞ்சியா?” என்று கேட்டார். அண்ணன்தான் மன்னிப்புக் கேட்டார். கருவிகளைக் கட்டும்போது, என்னைப் பார்க்காமல், “கொஞ்சநாள் ஓய்வெடும் தம்பி,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மறுவாரம் மறுபடி தவுக்கே கடையில் நின்றேன். கடைசி முயற்சி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

“இருக்கிறதிலேயே கூரான கம்பி எது? அதக் குடு.”

தவுக்கே என்னை உற்றுப் பார்த்தார். போன தடவை வாங்கினதற்கு மேல் கூரானது இல்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சுவரிலிருந்து ஒரே மாதிரியான இரண்டு கித்தார்களை இறக்கினார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்றை வாசித்தார். பிறகு மற்றதை. “எதுல புதுக் கம்பி?”

இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. “இன்னொரு தரம்,” என்றேன். வாசித்தார். காதைத் தீட்டிக் கேட்டேன். குத்துமதிப்பாக, “ரெண்டாவது,” என்றேன்.

தவுக்கே இரண்டாவது கித்தாரை என் கையில் கொடுத்தார். அதன் கம்பிகள் கறுத்து, துருப்பிடித்து, தொட்டால் விரலில் கறை ஒட்டும்படி இருந்தன. பல வருடங்களாக மாற்றாத கம்பி. மற்றதில் அன்று காலைதான் புதிது மாட்டியிருந்தாராம்.

“கம்பி நல்லாத்தான் இருக்கு,” என்றார் மெதுவாக. “நீ போய்க் காதப் பாரு.”

அன்று அவர் எனக்கு எதுவும் விற்கவில்லை.

வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு, மனைவியிடம் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய கவசத்தை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் தாழ்ந்த சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. எப்போது மறுபடி ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் சும்மா இல்லை, தொடர்ந்து ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் சத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது அப்போது எனக்கு உறைத்தது. பொத்தானைச் சும்மாவேனும் அமுக்கலாமா என்று கை பரபரத்தது.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். ஒரு தாளைக் காட்டினார். அதில் இடது பக்கம் மேட்டில் ஆரம்பித்த கோடு, பாதியில் பள்ளத்துக்குள் விழுந்திருந்தது. மேல் சத்தங்கள் போய்விட்டன, கீழ்ச் சத்தங்கள் இருக்கின்றன என்றார். கம்பியின் கணீர் என்பதே அந்த மேல் சத்தங்கள்தான். பேச்சில் ச, ஸ போன்ற எழுத்தொலிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. குழந்தைகளின் குரலில் பாதியும் அங்கேதான்.

முன்பு ஏதாவது ஊசி போட்டார்களா என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். அந்த ஊசி சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார். “அந்த நேரத்துல தலைசுத்தல், காதுல இரைச்சல் ஏதாச்சும் இருந்துச்சா? கேட்டிருப்பாங்களே?”

கேட்டார்கள். கிளினிக்கில் ஊசி போட்ட நர்ஸ் தினமும் கேட்டாள். தலை சுற்றுகிறதா, காதில் இரைகிறதா என்று. முதல் மாதம் முடிவதற்குள் எனக்கு இரண்டும் இருந்தன. குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காதுக்குள் ஓயாமல் ஒரு விசில். ஆனால் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள், சிகிச்சை நீளும், இன்னும் பல மாதம் மேடை ஏற முடியாது என்று பயந்தேன். நர்ஸ் கேட்ட ஒவ்வொரு நாளும் “இல்லை” என்றுதான் சொன்னேன்.

டாக்டரிடமும் “ஞாபகம் இல்லை” என்றேன்.

போனது திரும்பாது என்றார் அவர். இன்னும் இறங்குமா என்றதற்கு, இறங்கலாம், நின்றும் போகலாம், ஒரு வருடம் பொறுத்துத்தான் தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டோரில் பின்னோக்கி வரும் லாரியின் எச்சரிக்கைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்பது ஒருநாள் தெரிந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டியபோது, வண்டி முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. வேலை போய்விடும் என்று அதையும் மறைத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் கித்தாரை எடுத்து, தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக மேலே ஏறி, எதுவரை கேட்கிறது என்று பார்ப்பேன். நேற்று கேட்ட இடம் இன்று கேட்கிறதா? கேட்டால் நேற்றும் இப்படித்தான் இருந்ததா? ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே போய்விட்ட மாதிரியே இருக்கும். மகள் வந்து ஏதாவது சொல்வாள். அவள் உதடுதான் அசையும். “ஆமாடா கண்ணு,” என்பேன். ஒருநாள் அவள் அழ ஆரம்பித்தாள். கால்விரலில் அடிபட்டதைச் சொல்லியிருக்கிறாள். நானோ ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. மேலே போனது போகட்டும், கீழே இருப்பது எனக்குக் கேட்கிறதே. கூரான கம்பியை விட்டுவிட்டு, கிடைக்கிறதிலேயே தடித்த கம்பியைப் போட்டால் என்ன? தடித்த கம்பி பலகையை அதிகமாக ஆட்டும், அடிச்சத்தம் பெருகும். தவுக்கே கடைக்குப் போக முகம் இல்லாமல், வேறொரு கடையில் வாங்கி வந்தேன். விரல் நுனி வெட்டுப்படும் அளவுக்குக் கெட்டியான செட்.

போட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கேட்டது. மேலே இருக்கும் தடித்த கம்பிகள் இரண்டும் நெஞ்செலும்பில் வந்து இடித்தன. ஒரு வருடத்துக்குப் பிறகு கித்தார் என்னோடு பேசியது. வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழமாட்டேன்.

ஆனால் என்னுடையது விலை மலிந்த, சின்ன உடம்புக் கித்தார். அத்தனை இழுப்பைத் தாங்க அதில் பலம் இல்லை. அதை முதலில் கண்டவள் மனைவிதான்.

“இங்க பலகை உப்பியிருக்கு பாருங்க,” என்று கம்பி கட்டியிருக்கும் மரத்துண்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். “மெல்லிசுத் துணியில தடிச்ச நூலப் போட்டு இழுத்தா துணி சுருங்கிக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கு. எறக்கி வைங்க.”

மரத்துண்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. கம்பியைத் தளர்த்தினால் அந்தச் சத்தம் போய்விடும். தளர்த்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது பிய்ந்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மரத்துண்டு பலகையோடு பெயர்ந்து, கம்பிகளோடு எகிறி என் மணிக்கட்டில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பலகையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய் உரிந்து, வெள்ளை மரம் தெரிந்தது. கையில் இரத்தம்.

மனைவி ஓடி வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து, கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரையும், தாளில் விழுந்த கோட்டையும், நர்ஸிடம் தினமும் சொன்ன பொய்யையும்.

அவள் என் மணிக்கட்டைத் துணியால் சுற்றிக்கொண்டே கேட்டாள். எதற்கும் அதிர்ச்சி அடையவில்லை.

“ஒனக்குத் தெரியுமா?” என்றேன்.

“இத்தன மாசமா நா எதுக்கு ஒங்க மூஞ்சிக்கு நேரா வந்து வந்து நின்னு பேசுறேன்னு நெனச்சீங்க?”

“ஏன் சொல்லல?”

“ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்கிறீங்கன்னு இருந்தேன். கம்பி கம்பின்னு நீங்க அலைஞ்சப்ப, அதையும் சொல்லிப் பறிச்சிட்டா என்னாவீங்களோன்னு பயமா இருந்துச்சு.” சுற்றி முடித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். “மொதல்ல வேலையில சொல்லுங்க. லாரி இடிச்சுச் செத்தா கித்தார யாரு வாசிக்கிறது?”

மறுநாள் சொன்னேன். வேலை போகவில்லை. சாமான் ஏற்றும் இடத்திலிருந்து மாற்றி, உள்ளே ரசீது மேசையில் உட்காரவைத்தார்கள். அந்தப் பயத்தை அத்தனை நாள் சும்மா சுமந்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்ல இன்னும் பல நாள் பிடித்தது. கடைசியில் சொன்னேன். “அண்டைக்கு மண்டபத்தில உம்மை நான் வேற மாதிரி நினைச்சுப்போட்டன்,” என்றார். குடித்திருந்தேன் என்று நினைத்தாராம். பிறகு, இனிமேல் எண்ணை வாயால் சொல்லமாட்டேன், அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவேன் என்றார்.

கித்தாரைத் தவுக்கே ஒட்டிக் கொடுத்தார். பலகைக்கு உள்ளே ஒரு மரச்சட்டம் வைத்துப் பலப்படுத்தியிருந்தார். இனி இதற்கு மெல்லிய செட் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மஞ்சளா செம்பா என்று மனைவியைக் கேட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாசித்துக் காட்டினேன். அவள் செம்பு நிறத்தைச் சொன்னாள். மஞ்சள் கம்பி கூப்பாடு போடுகிறது, இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் சொன்ன கம்பியைப் போட்டேன். எனக்குக் கேட்காத ஒரு சத்தத்தை மற்றவர்களுக்காக வாசிக்கப் பழகினேன். பழகினேன் என்று எழுதிவிட்டேன். உண்மையில், பழகவே இல்லை.

ஒரு வருடம் கழித்து மறுபடி அதே கண்ணாடி அறை. கோடு விழுந்த இடத்திலேயே நின்றிருந்தது. இனி இறங்காது என்றுதான் தோன்றுகிறது என்றார் டாக்டர். காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டால் மகள் பேசுவது ஓரளவு புரிந்தது. கித்தார் மட்டும் கிறீச்சென்று யாரோ ஆணியால் தகரத்தைக் கீறுவதுபோல் வந்தது. வாசிக்கும்போது கழற்றிவிடுவேன்.

குழுவில் அதற்குப் பிறகும் சில மாதங்கள் இருந்தேன். கடைசியாக வாசித்தது ஒரு பகல் விருந்தில். எந்தத் தப்பும் நடக்கவில்லை. அட்டையைப் பார்த்து ஆரம்பித்தேன், அண்ணனுடைய பாதம் தாளம் தட்டுவதைப் பார்த்துத் தொடர்ந்தேன், தபலாக்காரர் தோள் நிற்கும்போது நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கை தட்டுவதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேடையை விட்டு இறங்கும்போது, இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பாட்டைக்கூட நான் காதால் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் இரண்டாவது தரம் சொல்லவில்லை.

மனைவி கித்தாரை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். தங்கா பத்துவுக்குத் திரும்பும் ரோட்டில் காற்று பலமாக அடித்தது. “போதும்னு சொல்லிட்டேன்,” என்று முன்னால் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னேன்.

பின்னாலிருந்து அவள் ஏதோ சொல்வது முதுகில் தெரிந்தது, கேட்கவில்லை. என்னவோ பெரிதாகச் சொல்கிறாள், இதை விடக்கூடாது என்று தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, அவள் முகத்தைப் பார்த்து நின்று, “என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“மழ வருதுங்க. கொடியில துணி கெடக்கு, சீக்கிரம் போங்கன்னேன்.”